திருகோணமலையில் கணினித் தேர்வு: வீடு, வணிகம், வைத்தியசாலை

கணினி வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் விற்பனையாளர் சில எண்களைச் சொல்வார்: புரொசசர் எத்தனையாவது தலைமுறை, ரேம் எத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. எவ்வளவு. அந்த எண்களையும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பது வழக்கம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் குளிரூட்டிய கடையொன்றில் நின்று எடுக்கும் முடிவு அது. கணினி வந்து சேரும் இடமோ திருகோணமலை. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், கோடையில் மாதக்கணக்கில் கச்சான் காற்று, மாரியில் வெள்ளம், சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வரும் மின்சாரம். இந்த மாவட்டத்தில் வேகம் போதவில்லை என்பதற்காக ஓரங்கட்டப்படும் கணினிகளை விடப் பழுதாகி மூலையில் கிடக்கும் கணினிகளே அதிகம் என்பது என் கணிப்பு.

ஆகவே வாங்குமுன் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டியிருக்கிறது. இந்தக் கணினி ஒரு நாள் நின்றுபோனால் என்ன ஆகும்? அதில் இருப்பது அழிந்துபோனால் யாருக்கு என்ன நட்டம்? வீட்டுக்கும் கடைக்கும் வைத்தியசாலைக்கும் இவற்றின் விடை வேறு வேறு. எதை வாங்குவது, பணத்தை எதில் போடுவது என்பதை அந்த விடையே தீர்மானிக்கவேண்டும்.

உப்பு, வெக்கை, மின்சாரம்

கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துகள் உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானாகவே கரையத் தொடங்கும். கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் பற்றாசையும் அரிக்கும். மாரி காலத்து இரவுகளில் இந்த எல்லை எளிதாகத் தாண்டப்படுகிறது. மேசைக் கணினியின் விசிறி நாள் முழுவதும் இதே காற்றை உள்ளே இழுத்து மதர்போர்டின் மேல் படியவிடுகிறது. ரேம் செருகும் இடமும் யூ.எஸ்.பி., லேன் துளைகளும் முதலில் பாதிக்கப்படும். ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் துடைத்துத் திரும்பச் செருகியதும் செத்த கணினி உயிர்பெறுவதை ஊர்த் திருத்துநர்களிடம் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்கள் துடைப்பது பெரும்பாலும் இந்த அரிப்பைத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் வெளிக்காற்றை விடச் சூடாக இருப்பதால் அதற்குள் ஈரப்பதன் குறைவு. பூட்டிவைத்த கணினிக்கு அந்தக் காப்பு இல்லை. "பழுதாகிவிடும், பிள்ளைகள் தொடவேண்டாம்" என்று துணி போர்த்திப் பூட்டிய பாடசாலைக் கணினி அறை, பயன்படுத்தாமலேயே பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கும் இதே சிக்கல். கிழக்குக் கரையின் உல்லாசப் பயணப் பருவம் சித்திரை முதல் புரட்டாதி வரை. அது முடிந்ததும் வரவேற்பு மேசைக் கணினியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஆண்டின் மிக ஈரமான மாதங்கள் அப்போதுதான் வருகின்றன. கிழமைக்கு இரண்டு நாள் சில மணி நேரம் ஓடவிடுவது, அல்லது ஈரமுறிஞ்சிப் பொதிகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைப்பது, அடுத்த பருவத்துப் பழுதுச் செலவைத் தவிர்க்கும்.

வெக்கை வேறொரு வழியால் வருகிறது. யூ.பி.எஸ். இனுள் இருக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகை வெப்பநிலைக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அத்துறையில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 35 பாகையைத் தொடும் ஊரில், காற்றோட்டமில்லாத மேசைக்கடியில் வைத்த பற்றரி பெட்டியில் எழுதிய காலம்வரை உழைக்கும் என்று நம்பக்கூடாது. யூ.பி.எஸ். வாங்கும்போதே மாற்றுப் பற்றரியின் விலையையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி இலங்கை வாசகருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. மின்சாரம் போகும்போது இழப்பது சேமிக்காத வேலை. திரும்பி வரும்போது அழுத்தம் ஏறி இறங்குவதால் இழப்பது பெரும்பாலும் பவர் சப்ளை. எனவே யூ.பி.எஸ். இல் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதோடு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் வசதி உள்ளதா என்றும் கேட்கவேண்டும்.

வீடு

வீட்டுக்கு என் பரிந்துரை மடிக்கணினி. தன் பற்றரியே அதற்கு யூ.பி.எஸ்.; மேசைக் கணினியை விட மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்; வெள்ளம் வந்தால் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளைகளின் சாதாரண தர, உயர்தரப் படிப்புக்கு 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் போதும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு வேண்டிய பைதனும் தரவுத்தளமும் இதில் தாராளமாக ஓடும்.

2022 நெருக்கடியில் ரூபா சரிந்த பின்னர் புதுக் கணினி பல குடும்பங்களுக்கு எட்டாப் பொருளாகிவிட்டது. அதனால் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த மடிக்கணினிகளைத் திருத்தி விற்கும் சந்தை வளர்ந்திருக்கிறது. அதில் தவறில்லை. அலுவலகப் பாவனைக்கென்று செய்த மடிக்கணினிகள் மலிவான புதியவற்றை விட உறுதியானவை, உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்கு ரீ.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புரொசசரும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இன்று மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் காரணம். அத்தகையதை வாங்கினால் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவியுங்கள். பிள்ளையின் படிப்புக்கு அது குறைவானதல்ல.

வீட்டில் கணினி ஒரு நாள் நின்றால் பெரிய நட்டம் இல்லை. உள்ளிருப்பது அழிந்தால்தான் நட்டம், அதுவும் இந்த மாவட்டத்தில். 2004 டிசெம்பர் 26 கடற்கோளில் கரையோரக் குடும்பங்கள் படங்களையும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களையும் காணி உறுதிகளையும் இழந்தன. 2006இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள்; சம்பூர் மக்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. இது என் காணி என்று காட்ட ஒரு தாள் இல்லாமல் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். மூல உறுதிக்கு உள்ள சட்ட மதிப்பு அதன் படத்துக்கு இல்லை. எனினும் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம். வீட்டுக் கணினி வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை என்று நான் கருதுவது இதுதான்: உறுதி, சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி ஆகியவற்றைப் படம்பிடித்து, ஒரு பிரதியைக் கணினியிலும், ஒன்றைத் தனி டிஸ்கிலும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பகத்திலோ வைப்பது.

கடையும் விடுதியும்

பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, லங்கா ஐ.ஓ.சி. போன்ற பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் உண்டு. இங்கே பேசுவது நகரத்துப் பலசரக்குக் கடை, கிண்ணியாவின் துணிக்கடை, சீனக்குடாவின் உதிரிப்பாகக் கடை, மீன் மொத்த வியாபாரி, பத்து அறை விடுதி பற்றி.

இவர்களுக்குக் கணினி ஒரு மணி நேரம் நின்றாலும் நட்டம்தான். மாலை நேர வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார். எனவே பில் போடும் மென்பொருள் இணையம் இல்லாமலும் ஓடவேண்டும். இணைப்பு வந்ததும் தானாகக் கணக்கை மேலேற்றவேண்டும். விற்பனைக்கு வருபவரிடம் றவுட்டரை நிறுத்திவிட்டு ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த மென்பொருள் இந்த ஊருக்கு ஆகாது. பெட்டியைப் பொறுத்தவரை, விசிறி இல்லாத அல்லது சிறிய விசிறி மட்டுமுள்ள மினி கணினிகள் கடைக்கு ஏற்றவை. உப்பும் தூசியும் உள்ளே போவது குறைவு. முப்பது வாட்டுக்குள் ஓடுவதால் சாதாரண யூ.பி.எஸ். ஒன்றே அதையும் பில் பிரிண்டரையும் றவுட்டரையும் நெடுநேரம் தாங்கும்.

உத்தரவாதம் பற்றி ஒரு சொல். "மூன்று ஆண்டு வொரன்டி" என்பது பல வேளைகளில் கொழும்புக்கு அனுப்பித் திருத்தி எடுக்கும் வொரன்டி. போகும் தூரம் மட்டும் 260 கிலோமீற்றர் அளவு. அதுவரை கடை எப்படி நடக்கும்? மூன்று கணினி தேவைப்படும் இடத்தில் மூன்றும் ஒரே மாதிரியாக இருக்கட்டும். நான்காவதாக அதே வகையில் பழையதொன்று மேசைக்குள் இருக்கட்டும். ஒன்று விழுந்தால் அதன் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மற்றதில் போட்டால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் கடை ஓடும். கூடிய வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை இந்த நான்காவதற்குக் கொடுப்பது மேல்.

அழியக்கூடாதது கடன் கணக்கும் கையிருப்புக் கணக்கும். பிரதி எடுப்பதைப் பற்றிப் பேசும்போது "நாங்கள் சின்ன ஆட்கள், எங்களுக்கு எதற்கு" என்பார்கள். பெரிய ஆட்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். 2021 யூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் இலங்கை அரச மேகக்கணினியிலிருந்து அழிந்துபோயின. உரிய பிரதி இருக்கவில்லை என்பது தெரியவந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம்வரை விடயம் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஓகஸ்டில், அதே அரச மேகக்கணினியைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, காரணம் அந்தக் காலத்துக்குப் பயன்படக்கூடிய பிரதி எங்கும் இல்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது உற்பத்தியாளர் கைவிட்டிருந்த பழைய மென்பொருள். ஒரு நாட்டின் அரசே வழுக்கிய இடம் இது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று உலகெங்கும் சொல்லப்படும் விதி பலசரக்குக் கடைக்கும் பொருந்தும். தினமும் பூட்டும்போது ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். செருகியே வைத்த டிஸ்கைத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும்.

வைத்தியசாலை

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை, கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகள், அவற்றின் கீழ் பிரதேச வைத்தியசாலைகள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், பிறகு தனியார் மருந்தகங்களும் ஆய்வுகூடங்களும். இந்த வரிசையில் எந்தக் கணினி நின்றாலும் பாதிக்கப்படுவது வாங்கியவரல்ல, வரிசையில் நிற்கும் நோயாளி. வீட்டுக்கும் கடைக்கும் இல்லாத பொறுப்பு இங்கே இருக்கிறது. அரச வைத்தியசாலைக் கணினி இலவச வைத்தியத்தை நம்பி மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் பஸ் ஏறி வரும் ஏழைகளின் கணினி. எனவே இதைச் சற்று விரித்துப் பேசவேண்டும்.

இலங்கை இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இலேயே உயிரியல் மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் பட்டத்தைத் தொடங்கியது. வைத்தியர்களே தகவல் முறைமைகளை வடிவமைக்கும் நிலை அதனால் வந்தது. 2020 தொடக்கத்தில், கொவிட் தொற்று வந்த சில நாட்களிலேயே, டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூல மென்பொருளில் விமான நிலையப் பயணிகளைக் கண்காணிக்கும் முறையை இலங்கையர் அமைத்தார்கள். அதைப் பின்பற்றிப் பல நாடுகள் தத்தம் முறைகளை அமைத்தன. தாய் சேய் நலத் தரவுகளுக்கு அதே மென்பொருளில் அமைந்த முறை குடும்ப சுகாதாரப் பணியகத்திடம் இருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற திறந்த மூல முறைமை ஓடுகிறது. நோயாளிக்குத் தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கப்படுகிறது. ஆகவே ஒரு வைத்தியசாலை கணினிமயமாகும்போது புதிதாக ஒரு தனியார் மென்பொருளைத் தேடி ஓடவேண்டிய தேவை இல்லை. முதலில் கேட்கவேண்டியது, நாம் வாங்குவது சுகாதார அமைச்சின் முறைமைகளோடும் இந்த இலக்கத்தோடும் பேசுமா என்பதை. பேசாத மென்பொருளில் ஐந்து ஆண்டு பதிந்த தரவு, விற்றவர் கடையை மூடும் நாளில் சிறைப்பட்டுப்போகும்.

அந்த இலக்கத்தின் அருமை திருகோணமலையில் கூடுதலாகப் புரியும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் ஒரே பதிவு மேசைக்கு வருகின்றன. எழுதுநர் அவற்றை ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி தட்டுகிறார். ஃபாத்திமாவையும் சிவஞானத்தையும் ஆங்கிலத்தில் எத்தனையோ விதமாக எழுதலாம். ஒவ்வொரு விதமும் ஒரு புதிய நோயாளியாகப் பதிவாகும். பென்சிலின் ஒவ்வாமை ஒரு பதிவிலும், இன்றைய மருந்துச்சீட்டு இன்னொரு பதிவிலும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டை பிள்ளைகளிடம் இல்லை. பழைய ஒன்பது இலக்கமும் 2016க்குப் பிந்திய பன்னிரண்டு இலக்கமும் கலந்து கிடக்கின்றன. தமிழில் பதியலாம் என்றால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதைக் கணினியால் தேட முடியாது. அதற்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோடில், ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பை ஏற்ற எஸ்.எல்.எஸ். 1326 தரத்தின்படி தட்டெழுதப் பழக்குவது மென்பொருள் வாங்குவதற்கு முந்திய வேலை. பாமினியில் விரல் பழகியவருக்கு அந்த அமைப்பு அந்நியமாக இருக்காது.

மின்சாரத்துக்கு வருவோம். "எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது" என்பார்கள். மின்சாரம் போனதற்கும் ஜெனரேட்டர் சுமையை ஏற்பதற்கும் இடையில் சில விநாடிகள் முதல் அரை நிமிடம்வரை ஆகும். அந்த இடைவெளியில் எல்லாக் கணினிகளும் அணைந்து, பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்து, சேவரைத் தேடும். வெளிநோயாளர் பிரிவு அதோடு ஸ்தம்பித்துவிடும். இங்கே பெரிய யூ.பி.எஸ். தேவையில்லை, ஐந்து நிமிடம் தாங்கும் சிறியவை போதும். ஆனால் சேவருக்கு மட்டுமல்லாமல் இடையிலுள்ள சுவிட்சுக்கும் றவுட்டருக்கும் அவை வேண்டும். கணினி செருகிய மின்துளை ஜெனரேட்டர் இணைப்பில் உள்ளதா என்பதையும் மின்னியலாளரை அழைத்துப் பார்க்கவேண்டும். பழைய கட்டடங்களில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் நோயாளர் விடுதி விளக்குக்கும் இணைப்பு இருக்கும். பதிவு மேசைக்கு இருக்காது.

சேவரை எங்கே வைப்பது? 2004இல் கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் அழித்தது. மகாவலி பெருகும் காலங்களில் மூதூர், வெருகல் தாழ்நிலங்கள் நீரில் மூழ்குவது இன்றும் தொடர்கிறது. கீழ்த்தளத்துக் களஞ்சிய அறை வசதியானதுதான், ஆனால் பொருத்தமற்றது. சேவர் மேல்மாடியில் இருக்கவேண்டும். அதன் பிரதி மாவட்டத்துக்கு வெளியே இருக்கவேண்டும்.

விடுதிக்குள் வைக்கும் கணினிக்குத் தனிக் கவனம் வேண்டும். சாதாரண அலுவலகக் கணினி மருத்துவ மின்பாதுகாப்புத் தரமான ஐ.ஈ.சி. 60601 இற்கு அமையச் செய்யப்பட்டதல்ல. நோயாளியின் கட்டிலிலிருந்து ஒன்றரை மீற்றருக்கு அப்பால் வைப்பது அந்தத் தரத்தின் அடிப்படையில் வந்த வழக்கம். விசைப்பலகை கழுவித் துடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும், இல்லையேல் அதுவே தொற்றைக் கைக்குக் கை கடத்தும். எக்ஸ்றே படத்தைச் சாதாரண மொனிற்றரில் பார்க்கலாம். அதை வைத்து நோயை நிர்ணயிக்க, டைகொம் என்ற மருத்துவப் படத் தரத்தின் சாம்பல்நிற அளவுக்குச் சீரமைத்த மொனிற்றர் வேண்டும். பணம் குறைவென்றால் எல்லா அறைக்கும் நல்ல மொனிற்றர் வாங்குவதை விட்டு, கதிரியக்கப் பிரிவுக்கு ஒன்றை நன்றாக வாங்கலாம்.

இணையப் பாதுகாப்பைப் பெரிய நாடுகளின் கவலை என்று எண்ணவேண்டாம். 2017 மே 12ஆம் திகதி வன்னாகிரை தீநிரல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைத் தாக்கியபோது ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது; அதை அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவே. இன்று விண்டோஸ் 10இல் ஓடும் வைத்தியசாலைக் கணினிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது. வெளியிலிருந்து வரும் ஆபத்து இது. உள்ளேயும் ஒன்று உண்டு. ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பாவிக்கும் விடுதியில், யார் யாருடைய பதிவைத் திறந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சிறு நகரத்தில் ஒரு பெண்ணின் மகப்பேற்றுப் பதிவோ, ஓர் இளைஞனின் மனநல மருந்தோ வெளியே போனால் அவர்கள் வாழ்க்கை குலையும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காப்பை வகுத்திருக்கிறது. ஆளுக்கொரு கணக்கு, திறந்தவர் பெயர் பதிவாகும் வசதி, வேலை முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும் திரை ஆகிய மூன்றும் இல்லாத மென்பொருளை எந்த மருந்தகமும் ஆய்வுகூடமும் ஏற்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு கணினி நிற்கும் நாள் வரத்தான் செய்யும். 2024 யூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. வசதி மிகுந்த நாடுகளின் வைத்தியசாலைகளும் தாளுக்குத் திரும்பின. நம் நோயாளிகள் கையில் கிளினிக் கொப்பி இருக்கிறது. கணினி வந்ததும் அதைப் பழங்காலத்தது என்று கைவிடச் சொல்வோர் உண்டு. கைவிடக்கூடாது. கடைசி மருந்துச்சீட்டும் ஒவ்வாமையும் கொப்பியிலும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு காலை கணினியை நிறுத்தி, தாளில் நடத்திப் பழகட்டும்.

கடைசியாக, புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்துப் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் உங்கள் கணினிகளை நன்றியோடு ஏற்கின்றன. இனி பத்துக் கணினிக்குத் திரட்டும் பணத்தில் ஆறு மட்டும் வாங்குங்கள். மிகுதியில் யூ.பி.எஸ்., மாற்றுப் பற்றரி, பிரதிச் சாதனம், மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பராமரிக்க ஆளில்லை என்று சொல்லவேண்டாம். நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு மாதம் ஒரு கொடுப்பனவு கொடுத்து, உங்கள் கணினிகள் இருக்கும் இடங்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை அனுப்புங்கள். மாகாண சுகாதாரத் திணைக்களமும் இந்தப் பராமரிப்புச் செலவுக்கான வரியைத் தன் அடுத்த கொள்வனவு ஆவணத்தில் சேர்க்கவேண்டும்.